டிங்கரிங் ஆய்வகம்: 20 லட்சமா, 10 லட்சமா?

பழைய சாக்பீஸ்: "அடல் டிங்கரிங் ஆய்வகம் இல்லாத பள்ளியில் அறிவியலே இல்லை" என்று ஒருவர் நேற்று இங்கே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் தாங்களே கருவிகளைச் செய்து பார்க்க, மத்திய அரசு பணம் தந்து பள்ளிகளில் அமைக்கும் ஆய்வகம் அது. படித்ததும் காலைக் காப்பி கசந்தது. 32 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் நான். 20 லட்சம் ரூபாய்க்குக் கருவி வாங்கிப் பூட்டி வைப்பதற்குப் பெயர் அறிவியலா?

மின்மினி: எழுதியது நான்தான். 20 லட்சத்துக்குக் கருவி இல்லை ஐயா. ஆய்வகம் அமைக்க 10 லட்சம். மீதி 10 லட்சம் ஐந்தாண்டுகள் வரை நடத்துவதற்கு. விதிமுறையைப் படித்துவிட்டு வாருங்கள்.

பழைய சாக்பீஸ்: பத்தும் பத்தும் எவ்வளவு? 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை அறிவியலைத் தொடங்கினார்கள். 1978இல் அங்கே போன பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூபை நறுக்கித் தீக்குச்சிகளைச் செருகிச் சதுரமும் முக்கோணமும் செய்து காட்டினார். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. பாலத்தில் முக்கோணம் ஏன் என்று அதற்குப் பிறகு பாடம் நடத்த வேண்டுமா? செலவு ஒரு தீப்பெட்டி, ஒரு முழம் டியூப்.

மின்மினி: அந்தத் திட்டத்தை 2002இல் மத்தியப் பிரதேச அரசே மூடியதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? வால்வு டியூபில் சென்சார் செய்வீர்களா? மறுபடியும் சொல்கிறேன், அமைக்க 10 லட்சம்.

பழைய சாக்பீஸ்: மூடியது அரசு, முக்கோணம் அல்ல. 20 லட்சம்.

வண்டிக்காரன்: எங்கள் ஊரில் டிங்கரிங் என்றால் அடிபட்ட வண்டிக்கு நெளிவெடுப்பது. பேரனுக்குப் பள்ளியில் டிங்கரிங் என்றதும், "படிக்க அனுப்பினால் பட்டறையில் விட்டுவிட்டார்களே" என்று என் அம்மா அழுதேவிட்டார். வேறு பெயரே கிடைக்கவில்லையா?

பழைய சாக்பீஸ்: பட்டறை என்றால் அழுவானேன்? கை அழுக்கானால் படிப்புப் போய்விடும் என்ற எண்ணம்தான் நம்மைக் கெடுத்தது.

வண்டிக்காரன்: என் அம்மாவுக்கு நீங்கள் வகுப்பெடுக்க வேண்டாம்.

ஆறாம் வகுப்பு டீச்சர்: எங்கள் பள்ளியில் ஆய்வகம் என் பொறுப்பில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பாடவேளை. அதையும் தேர்வு வந்தால் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

மின்மினி: 2019 டிசம்பர் சூரிய கிரகணத்தன்று பிள்ளைகளை வீட்டுக்குள் வைக்கச் சொன்ன சாக்பீஸ் ஐயாதானே இப்போது செய்முறையைப் பற்றிப் பேசுகிறார்?

பழைய சாக்பீஸ்: உரிய கண்ணாடி இல்லாமல் பார்க்காதீர்கள் என்றேன். ஆறு ஆண்டாக இதையே திரிக்கிறீர்கள். நாளை என் தீக்குச்சிக் கனசதுரத்தின் படம் போடுகிறேன். உங்கள் ஆய்வகத்து முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்த ஒன்றைப் போடுங்கள், அது ஓடினால். 20 லட்சம் ஐயா, 20 லட்சம்!

மின்மினி: 10.