டைட்டானியம் கிரேடு 5 பாக்கெட் மில்லிங்: எண்ட் மில் முனை உதிர்வதை எப்படித் தடுப்பது?

ஸ்பிண்டில்40:
வணக்கம். டைட்டானியம் கிரேடு 5 (6% அலுமினியம், 4% வனேடியம்) பிளாக்கில் ஒரு பிராக்கெட் ஓடுகிறது. பாக்கெட் (உள்ளே குடைந்தெடுக்கும் குழி) ஆழம் 25 மிமீ, உள்மூலை ரேடியஸ் 8, சுவர் தடிமன் 3 மிமீ. மெஷின் பிடி40 (டேப்பர் அளவு) ஸ்பிண்டில் உள்ள வி.எம்.சி. (செங்குத்து சிஎன்சி மில்லிங் மெஷின்).

டூல்: 16 மிமீ சாலிட் கார்பைடு எண்ட் மில் (பக்கமும் அடியும் வெட்டும் சுழல் கட்டர்), 4 பல், தங்க நிற டின் (டைட்டானியம் நைட்ரைடு) கோட்டிங், முனையில் ரேடியஸ் கிடையாது. சைட் லாக் ஹோல்டர் (பக்கத் திருகால் டூலை இறுக்குவது), வெளியே நீட்டியிருப்பது 60 மிமீ. 1590 ஆர்பிஎம் (80 மீ/நிமிடம்), ஃபீட் (டூல் முன்னேறும் வேகம்) 190 மிமீ/நிமிடம், அதாவது பல்லுக்கு 0.03. பக்கவாட்டு வெட்டு 8 மிமீ, ஆழம் 3 மிமீ. கூலன்ட் (தண்ணீரில் கலந்த எண்ணெய்) 5%, ஒரே ஒரு குழாய்.

நேராகப் போகும்போது சத்தமே இல்லை. மூலைக்கு வந்ததும் கீச்சிடுகிறது, சில நேரம் பொறி பறக்கிறது. ஒரு பாக்கெட் முடியும் முன்பே பல்லின் கீழ்முனை உதிர்ந்துவிடுகிறது. விளிம்பில் வெள்ளிபோல ஏதோ ஒட்டியிருக்கிறது. ஃபீடை இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கலாமா?

கார்பைடு விளிம்பு:
ஃபீடைக் குறைக்காதீர்கள், இன்னும் மோசமாகும். கார்பைடு விளிம்பு கத்தி போல முழுக்கூராக இருக்காது, லேசாக மழுக்கித்தான் வைத்திருப்பார்கள். சிப் (வெட்டுப்பட்டு வரும் உலோகச் சீவல்) அந்த மழுக்கலைவிட மெல்லியதாகிவிட்டால் பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடுதான் மிச்சம்.

டைட்டானியத்தில் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. சாதாரண கார்பன் ஸ்டீலின் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 50 வாட்/மீ.கெல்வின், கிரேடு 5க்கு 7 கூட வராது. ஸ்டீலில் சூட்டின் பெரும்பகுதியைச் சிப் தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே அது பல்லின் முனையிலேயே தங்குகிறது. சூடான டைட்டானியம் விளிம்பில் வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்த வெள்ளி நிறம் அதுதான். அடுத்த சுற்றில் அது பிய்ந்து போகும்போது கார்பைடு துணுக்கையும் சேர்த்தே பிய்த்துக்கொண்டு போகிறது. டின் கோட்டிங் இதற்கு ஏற்றதல்ல. ஏஎல்டின் (அலுமினியம் டைட்டானியம் நைட்ரைடு) போட்டதோ, பளபளப்பாக்கிய கோட்டிங் இல்லாத நுண்துகள் கார்பைடோ வாங்குங்கள்.

ஆனால் உங்கள் டூலைக் கொல்லும் முதல் குற்றவாளி மூலைதான். மூலை ரேடியஸ் 8, டூல் ரேடியஸும் 8. பக்கவாட்டு வெட்டு டூலில் பாதி என்றால் நேர் ஓட்டத்தில் பல் 90 டிகிரி மட்டும் உலோகத்துக்குள் இருக்கும். மூலையில் டூல் அப்படியே போய் உட்கார்ந்துகொள்வதால் அது 180ஐ நெருங்கிவிடும். பல் ஆறுவதற்கு வெளியே இருக்கும் நேரம் வெகுவாகச் சுருங்கிப்போகிறது. மூலையில் மட்டும் கீச்சிடுவதற்கும் பொறி பறப்பதற்கும் இதுதான் காரணம்.

இப்படி மாற்றிப் பாருங்கள். 12 மிமீ டூல், 5 பல், முனை ரேடியஸ் 1 மிமீ (கீழ்த்தளத்தில் டிராயிங் அனுமதித்தால்), பல் இடைவெளி சமமில்லாத வகை. ரஃப்பிங்கில் (பெரும்பகுதியை எடுக்கும் முதல் கட்ட வெட்டில்) மூலைப் பாதையை ரேடியஸ் 9க்கு மேல் வைத்து, மிச்சத்தைப் பிறகு எடுங்கள். கேம் மென்பொருளில் (டூல் பாதை போடும் மென்பொருள்) டிராக்காய்டல் அல்லது அடாப்டிவ் பாதை (மெல்லிய வெட்டுகளாக வளைந்து போவது), கிளைம்ப் மட்டும் (பல் தடிமனாக நுழைந்து மெல்லியதாக வெளியேறும் திசை). பக்கவாட்டு வெட்டு 1.2 மிமீ, ஆழம் 24.7 மிமீ ஒரே மட்டமாக. அப்போது பல் உள்ளே இருப்பது 37 டிகிரிதான், மீதிச் சுற்று முழுக்க ஆறும்.

ஆர்பிஎம் அதே 1590 போதும், 12 மிமீ டூலில் அது 60 மீ/நிமிடம். பக்கவாட்டு வெட்டு டூல் விட்டத்தில் 10% என்றால் உண்மையான சிப் தடிமன் பல் ஃபீடில் 60% மட்டுமே. 0.05 தடிமன் வேண்டுமென்றால் பல்லுக்கு 0.083 கொடுக்க வேண்டும். 0.083 × 5 × 1590 = 660 மிமீ/நிமிடம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பல்லுக்கு இதுதான் நல்லது. இப்போது நிமிடத்துக்கு 4.6 கன செ.மீ எடுக்கிறீர்கள், இதில் 19க்கு மேல் வரும்.

ஈரவிரல்:
மேலே சொன்ன பாதை சரிதான், ஆனால் 25 மிமீ ஆழப் பாக்கெட்டில் ஒரே குழாயை வைத்துக்கொண்டு அதை ஓட்டாதீர்கள். சிப் வெளியேறாமல் டூலுக்கு அடியில் மறுபடி சிக்கினால் எந்தக் கோட்டிங்கும் காப்பாற்றாது. ஸ்பிண்டில் வழியாகக் கூலன்ட் வசதி இருந்தால் அதுவே முதல் தேர்வு. 70 பார் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் குறைந்தது மூன்று குழாய் வைத்து, ஒன்றைச் சிப் பறக்கும் திசைக்குப் பின்னாலிருந்து தள்ளும்படி திருப்புங்கள்.

5% போதாது. ரிஃப்ராக்டோமீட்டரில் (கூலன்ட் செறிவு பார்க்கும் கருவி) பார்த்து 8 முதல் 10 வரை ஏற்றுங்கள். ரீடிங்கை எண்ணெய் கேனில் போட்டிருக்கும் காரணியால் பெருக்கினால்தான் உண்மையான சதவீதம் கிடைக்கும். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். கூலன்ட் விட்டு விட்டு விழுவது தொடர்ந்து விழுவதைவிட ஆபத்து. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் கார்பைடில் விளிம்புக்குக் குறுக்கே சீப்புப் பல் போல வெடிப்பு விழும். விமானப் பாகம் என்றால் குளோரின் கலந்த எண்ணெய் கூடுமா என்று வாடிக்கையாளரின் ஸ்பெக்கில் பாருங்கள், பெரும்பாலும் தடைதான்.

பொறி பறக்கிறது என்கிறீர்களே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபினிஷிங்கில் வரும் மெல்லிய டைட்டானியம் சிப் பற்றிக்கொள்ளும். ஷிஃப்ட் முடிவில் சிப்பை அள்ளி மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். மெஷின் பக்கத்தில் டி வகுப்பு (உலோகத் தீக்கான) தீயணைப்பானோ உலர்ந்த மணலோ இருக்க வேண்டும். எரியும் டைட்டானியத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஸ்பிண்டில்40:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: 16லிருந்து 12க்கு இறங்கினால் டூல் வளையாதா? இருக்கிற சைட் லாக் ஹோல்டரையே வைத்துக்கொள்ளலாமா?

டயல்கேஜ்:
வளைவு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. ஒரே நீளம் என்றால் 12 மிமீ டூல் 3.2 மடங்கு அதிகம் வளையும். ஆனால் 25 மிமீ ஆழத்துக்கு 60 மிமீ எதற்கு நீட்ட வேண்டும்? 35 மிமீ நீட்டிப் பிடித்தால் நீளத்தால் வளைவு ஐந்தில் ஒரு பங்காகிறது. இரண்டையும் சேர்த்தால் இப்போது இருப்பதில் 63% தான். ஹோல்டர் மூக்கு சுவரில் இடிக்காதா என்பதை மட்டும் சிமுலேஷனில் பாருங்கள்.

சைட் லாக் திருகு டூலை ஒரு பக்கமாகத் தள்ளும். ரன் அவுட் (டூல் மையம் விலகிச் சுழல்வது) 0.02 இருந்தால், பல்லுக்கு 0.03 என்று நீங்கள் நினைக்கும்போது ஒரு பல் அதைவிட அதிகம் கடிக்கும், எதிர்ப்பல் குறைவாக வெட்டித் தேய்க்கும். முதலில் உதிர்வது அதிகம் கடிக்கும் பல், அதன் சுமை பின்னால் வரும் பல்லுக்குப் போகும், பிறகு வரிசையாக எல்லாம். டயலை ஹோல்டரில் வைக்காமல் டூல் ஷாங்கில் வைத்துப் பாருங்கள், 0.01க்குள் வர வேண்டும். ஹைட்ராலிக் சக் (எண்ணெய் அழுத்தத்தால் பிடிப்பது) அல்லது ஷ்ரிங்க் ஃபிட் (சூடாக்கி, ஆறும்போது இறுக்குவது) நல்லது. ஈஆர் கோலெட்டில் (பிளவுபட்ட வளையத்தால் பிடிக்கும் ஹோல்டர்) ரஃப்பிங் வேண்டாம், பல்லின் ஹெலிக்ஸ் (திருகு) கோணம் டூலை மெல்ல வெளியே இழுத்துவிடும், பாக்கெட் அடிமட்டம் ஆழமாகிப் போகும்.

உள்ளே இறங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நேராகக் குத்தி இறக்காதீர்கள். 1.5 முதல் 2 டிகிரி ஹெலிக்கல் ராம்ப் (சுற்றிச் சுற்றிச் சாய்வாக இறங்குவது), அல்லது முதலில் டிரில் போட்டுக்கொண்டு அதில் இறங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் வளைவாக உருண்டு நுழைய வேண்டும். நேர்கோட்டில் நுழைந்தால் டூல் முழுதாக உள்ளே போகும்வரை பல் உலோகத்தை விட்டு வெளியேறும் இடத்தில் சிப் தடிமனாக இருக்கும், அந்த அடியில் முனை போகும்.

ஃபினிஷிங்கில் 3 மிமீ சுவர்தான் தொல்லை. கிரேடு 5 ஸ்டீலைப் போல இரு மடங்கு வளையும் (114 ஜிகாபாஸ்கல், ஸ்டீல் 205 அளவில்). பல்லுக்கு வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பல்லின் முதுகில் உரசும். சுவரில் 0.3 மிமீ விட்டு, மேலிருந்து 8 மிமீ பட்டைகளாக, ஒவ்வொன்றையும் ஒரே முறையில் முடியுங்கள். 80 மீ/நிமிடம் இங்கே தாராளமாகப் போகலாம். அளவு வரவில்லையென்று அதே பாதையில் ஸ்பிரிங் பாஸ் (அளவை மாற்றாமல் மறுபடி ஒரு சுற்று) ஓட்டினால் வெட்டுவது குறைவு, தேய்ப்பதே அதிகம், புது டூலும் மழுங்கும். ஆஃப்செட் கொடுத்து உண்மையில் வெட்டும்படி ஓட்டுங்கள்.

கார்பைடு விளிம்பு:
ஒன்றை விட்டுவிட்டேன், டூலை எப்போது மாற்றுவது என்பது. உதிரும்வரை ஓட்ட வேண்டாம். 20 மடங்கு லென்ஸில் பல்லின் முதுகுத் தேய்மானம் 0.2 மிமீ தொட்டதும் எடுத்துவிடுங்கள். டைட்டானியத்தில் அதற்கு மேல் தேய்மானம் படிப்படியாக ஏறாது, திடீரென்று போய்விடும். முதல் டூலை அடிக்கடி நிறுத்திப் பார்த்து, 0.2 எத்தனை நிமிட வெட்டில் வருகிறது என்று குறித்து, அதில் 80 சதவீதத்தை டூல் லைஃபாக மெஷினில் போடுங்கள். நடுவில் சிப் நீலமாக வர ஆரம்பித்தால் பல்லுக்கான ஃபீடில் கை வைக்காமல் ஆர்பிஎம்மை 10% இறக்குங்கள். அப்போது நிமிடத்துக்கான ஃபீடும் அதே விகிதத்தில் இறங்கி, பல்லுக்கு 0.083 மாறாமல் இருக்க வேண்டும்.