பத்தாவது படிக்கும் மகள் டாக்டர்தான் ஆவேன் என்கிறாள், நம்பலாமா?

நெல்லைக்காரி:
என் மாமியாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். லீவு நாட்களில் துணைக்கு மகள்தான் போவாள். நாலு மணி நேரமும் போனைக்கூட எடுக்காமல் அங்கே நடப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். இப்போது டாக்டர்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பிளஸ் ஒன்னுக்கு குரூப் முடிவு பண்ண வேண்டும், வீட்டுக்காரரோ இதெல்லாம் ஆறு மாசத்தில் வடிந்துவிடும் என்கிறார். இந்த வயதில் வருகிற ஆசையை நம்பலாமா?

வேலூர்வாசி:
தாராளமாக. எங்கள் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர், அப்பாவே டாக்டராக இருந்தும் அந்தப் பக்கமே வேண்டாம் என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று பேர் வந்து மனைவிக்குப் பிரசவம் பார்க்கக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியாது, அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு ஆண் டாக்டர் கூடாது என்று திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அப்புறம்தான் அமெரிக்கா போய் 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

தூக்கமில்லா ஹவுஸ் சர்ஜன்:
ஐடா அம்மையார் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் என் நேற்றைய டியூட்டி என்னவென்றால் ரத்தம் எடுப்பது, சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, நடுவில் ஆறிப்போன டீ. அக்கா, அவள் அங்கே யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேளுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) மேல் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு ஊசி குத்தி, பிபி இறங்கினால் முதலில் ஓடி வருவது பெரும்பாலும் டெக்னீஷியன் அல்லது நர்ஸ். மனசு அதில்தான் என்றால் பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான்.

மதுரை மல்லி:
ஆசை வழியில் மாறினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அரவிந்த் கண் மருத்துவமனை வெங்கடசாமி டாக்டர், பிரசவத்தில் செத்துப்போன உறவுக்காரப் பெண்களை நினைத்து மகப்பேறு பக்கம் போக நினைத்தவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களோடுதான் கண்புரை அறுவை செய்தார். பணி ஓய்வுக்குப் பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார்.

நெல்லைக்காரி:
கேட்டேன் தம்பி. டெக்னீஷியன் அண்ணனைத்தான் பார்த்தாளாம். ஆனால் "பாட்டிக்கு கிட்னி ஏன் போச்சுன்னு கேட்டா, டாக்டர்கிட்ட கேளுன்னு சொல்றார்மா, எனக்கு அதுதான் தெரியணும்" என்கிறாள். பயாலஜியோடு கணக்கும் எடுக்கணுமா?

தூக்கமில்லா ஹவுஸ் சர்ஜன்:
அட, அப்படியென்றால் டாக்டர் ஆசைதான். நீட்டுக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி போதும். கணக்கு வந்தால் பயோ-மேத்ஸ் எடுக்கட்டும், இன்ஜினியரிங்கும் கையில் இருக்கும். வராது என்றால் சும்மா இழுத்துக் கட்டாதீர்கள். அடுத்த முறை கிட்னி டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அந்தக் கேள்வியை அவளையே கேட்கச் சொல்லுங்கள். ஓபி கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து.