எரர் ஹேண்ட்லர்: பிழைதாங்கி என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரலில் பிழை வந்தால் அதைக் கவனித்துக்கொள்ளும் பகுதியான எரர் ஹேண்ட்லருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே இதுவரை முன்வைத்த சொற்களை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வாரம் பழக்கிப் பார்த்தேன். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம் என்று வளர்கிறவர்கள்.

பாடம் விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழி. பொத்தானை அழுத்தினால் லோட்பிக்சர் என்ற கட்டளை ஒரு படத்தைத் திறக்க வேண்டும். ஒரு மாணவி பிஎன்ஜி படம் ஒன்றுக்கு ஜேபிஜி என்று பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தாள். பெயர் மாறினாலும் சரக்கு பிஎன்ஜிதானே. அதை லோட்பிக்சருக்குப் படிக்கத் தெரியாது. பிழை எண் 481 என்று ஒரு பெட்டி வந்தது. ஓகே அழுத்தினாள், நிரல் மொத்தமும் மூடிக்கொண்டது. அதுவரை தட்டியிருந்த விவரங்களும் போயின. கோப்பே இல்லை என்றால் வருவது 53. இரண்டையும் பிரித்தறிந்து, பயனருக்குத் தக்க செய்தி சொல்லி, நிரலை விழாமல் காக்கும் பகுதிக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

பொறி என்றால் கண்ணி என்ற பொருளில் வந்த 'பிழைப்பொறி'யைப் பிள்ளைகள் பிழையான எந்திரம் என்று படித்தார்கள். 'பிழை தடுப்பு' பொருந்தாது, பிழைதான் ஏற்கெனவே வந்துவிட்டதே. 'பிழைபிடிப்பு' குற்றம் கண்டுபிடிப்பதுபோல ஒலிக்கிறது.

'பிழைமறிப்பு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பக்கத்து வேலந்தாவளம் எல்லைச் சோதனைச்சாவடியில் லாரியை மறிப்பது கண்முன் வரும் என்று நினைத்தேன். ஆனால் மலையாளத்தில் வண்டி 'மறிஞ்ஞு' என்றால் கவிழ்ந்துவிட்டது என்று பொருள். நிரலைக் கவிழாமல் காக்கும் பகுதிக்கு இந்தப் பிள்ளைகளிடம் அந்தச் சொல்லை எப்படிக் கொடுப்பது?

அப்புறம்தான் 'பிழைதாங்கி' தோன்றியது. இடிதாங்கி இடியை வரவிடாமல் செய்வதில்லை. வந்த இடியை வாங்கி மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது, வீடு நிற்கிறது. பிழை வந்ததும் நிரலை நாம் குறித்த வரிக்குத் திருப்பிவிடும் ஆன் எரர் கோடூ கட்டளை செய்வதும் அதைத்தான். 'தாங்கு' மலையாளத்திலும் அதே பொருளில் இருப்பதால் விளக்க வேண்டியே வரவில்லை. மறுநாளே அந்த மாணவி, "சார், சேமிக்கிற பொத்தானுக்குத் தாங்கி வைக்கலையே" என்று கேட்டாள்.

'பிழை கையாளல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், செயலின் பொதுப்பெயராக அது இருக்கட்டும். பிழையைச் சமாளிக்க நிரலில் நாம் எழுதி வைக்கும் சில வரிகளுக்குப் பிழைதாங்கி என்று பெயர் வைப்போம். ஒரு பாகம் பழுதானாலும் அமைப்பு தொடர்ந்து இயங்குவதைச் சொல்லும் ஃபால்ட் டாலரன்ஸோடு குழம்பும் என்று நினைப்பவர்கள், அதற்கு நீங்கள் பயன்படுத்தும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்தே முடிவு செய்யலாம்.