தைராய்டுக்கு இயற்கை மாத்திரைக்கு மாறலாமா?

வானம்பாடி:
தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் எடுத்து வருகிறேன். டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், மருந்து போதாவிட்டால் ஏறும்) நார்மல் என்கிறார் டாக்டர். எனக்கோ சோர்வு விட்டபாடில்லை, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மத்தியானம் ஆனால் கண்ணைச் சொக்குகிறது. தெரிந்தவர் ஒருவர், "அது செயற்கை, அதான் உடம்புக்கு ஒட்டவில்லை, விலங்குத் தைராய்டிலிருந்து எடுக்கும் இயற்கை மாத்திரைக்கு மாறு, பக்கவிளைவே கிடையாது" என்கிறார். மாறியவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.

கருங்கல்:
பக்கவிளைவே கிடையாது என்பதை நம்பாதீர்கள். லெவோதைராக்சின் ஆலையில் செய்வதுதான், ஆனால் நம் சுரப்பி தரும் டி4 ஹார்மோனுக்கும் அதற்கும் மூலக்கூறில் வித்தியாசமே இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவு அதை டி3 என்ற, நேரடியாக வேலை செய்யும் ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும். இயற்கை என்று விற்பது பெரும்பாலும் பன்றியின் தைராய்டைக் காயவைத்துப் பொடித்த மாத்திரை (சைவம் சாப்பிடுபவர்களும் பன்றி விலக்கு உள்ளவர்களும் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும், பல இடங்களில் யாரும் வாய் திறப்பதில்லை). அதில் டி4-க்கும் டி3-க்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 4-க்கு 1, மனிதருக்குச் சுரப்பதோ 14-க்கு 1. பன்றிக்கு இயற்கையான அளவு நமக்கு எப்படி இயற்கையாகும்? டி3 விழுங்கிய சில மணி நேரத்தில் ரத்தத்தில் எகிறி இறங்கும், அதனால் சிலருக்குப் படபடப்பு, கை நடுக்கம் வரும். இதயக் கோளாறு இருந்தால் ஆபத்து. கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டாலோ வேண்டவே வேண்டாம், கருவின் மூளைக்குத் தேவை தாயின் டி4.

செம்பருத்தி:
நான் பன்றி மாத்திரைதான் எடுக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன், அதையும் பதிவு செய்கிறேன். 2013-இல் 70 பேருக்கு எது எந்த மாத்திரை என்று சொல்லாமலே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்வில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இதையே விரும்பினார்கள், எடையும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எல்லாரும் மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். மாறினால் டாக்டர் கண்காணிப்பில் மட்டும், தானாக அளவைக் கூட்டாமல்.

நெல்லிக்காய்:
வானம்பாடி, மாறுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுகிறீர்களா? இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி இருக்கிறதா? முடி கொட்டுவதற்கு ஏதாவது எடுக்கிறீர்களா? முடி மாத்திரைகளில் சேர்க்கும் பயோட்டின் என்ற வைட்டமின் பல லேப் முறைகளில் டிஎஸ்ஹெச்-ஐக் குறைத்துக் காட்டிவிடும். நிஜத்தில் அதிகமாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரலாம்! அப்புறம் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் பி12 பார்த்தாகிவிட்டதா? சோர்வுக்கும் முடிக்கும் அவையும் காரணமாகலாம்.

வானம்பாடி:
முடிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையில் பயோட்டின் இருக்கிறது, இப்போதுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

நெல்லிக்காய்:
ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள், அளவு அதிகமாக இருந்தால் இன்னும் முன்னதாக. லேபிலும் சொல்லிவிடுங்கள். அந்த ரிப்போர்ட்டில் டோஸ் மாற்றினால் அடுத்த டெஸ்ட்டுக்கு 6 வாரமாவது பொறுங்கள், டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும், அவசரப்பட்டுப் பார்த்தால் சரியான எண் வராது.