ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் விட்டபின் இன்ஜின் திணறுகிறது: எதை முதலில் பார்ப்பது?

வடசேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நாகர்கோவிலில் இருக்கிறேன். என்னிடம் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய கொரோலா ஆல்டிஸ் உள்ளது. கம்பெனியின் காகித ஏர் ஃபில்டருக்குப் பதிலாக, கழுவி எண்ணெய் விட்டுத் திரும்பவும் பயன்படுத்தக்கூடிய பருத்தித் துணி ஃபில்டரை முந்தைய உரிமையாளர் அதில் பொருத்தியிருந்தார். அண்மையில் அதைக் கழற்றி, அதற்கென்று விற்கும் திரவத்தில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, மழை நாள் என்பதால் வீட்டுக்குள்ளேயே ஃபேன் காற்றில் உலர்த்தி, மடிப்பு மடிப்பாகச் சிவப்பு எண்ணெய் விட்டு மாட்டினேன். சில மடிப்புகள் வெளிறித் தெரிந்ததால் அந்த இடங்களில் மட்டும் மேலும் கொஞ்சம் விட்டேன்.

ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) எந்தக் குறையும் இல்லை, ஏ.சி. ஓடும்போதும் நிலையாக நிற்கிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தமாக மிதித்தால்தான் 2000 முதல் 3000 ஆர்பிஎம் வரை வெட்டி வெட்டி இழுத்துவிட்டுப் பிறகு ஏறுகிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது லேசாகத் தெரிந்த இது, குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும்போது நன்றாகவே தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து திரும்பும் வழியில், காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியதும் ஐந்தாவது கியரில் வண்டி இழுக்கவே மறுத்தது. அங்கேதான் செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்ற ஒரே பிழைக் குறியீடு (கோடு) காட்டுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக் நான்கையும் இக்னிஷன் காயில் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்குப் பணம் செலவழிப்பதற்கு முன்பு, ஃபில்டருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை கார் பிரியர் எழுதியது:

தொடர்பு உண்டு நண்பரே; இப்போதைக்குக் காயிலை மாற்ற வேண்டாம். காயிலோ பிளக்கோ பழுதாகியிருந்தால் பெரும்பாலும் பி0301 முதல் பி0304 வரையுள்ள மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமை) கோடுகளில் ஏதாவது ஒன்று சேர்ந்து வந்திருக்கும். உங்களுக்கு வந்துள்ள பி0171, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை, கலவை மெலிந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

உங்கள் காரில் ஏர் பாக்ஸை அடுத்து எம்.ஏ.எஃப். எனப்படும் காற்றளவு சென்சார் உள்ளது. அதற்குள் இருக்கும் மிக மெல்லிய கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி, உள்ளே போகும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் வெப்பத்தில் எப்போதும் வைத்திருப்பார்கள். கடந்துபோகும் காற்று கம்பியைக் குளிர்விக்கும். அந்த வெப்பத்தைக் காப்பாற்ற எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்தே ஈ.சி.யூ. எனப்படும் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி காற்றின் எடையைக் கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்கச் சொல்லும். ஃபில்டரில் மிகுந்துபோன எண்ணெய் காற்றோடு வந்து அந்தக் கம்பியில் படிந்து, அதன்மேல் தூசியும் ஒட்டிக்கொண்டால், கம்பி முன்பு போலக் குளிராது. காற்று குறைவாகப் போவதாக ஈ.சி.யூ. நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் குறைத்துவிடும். சென்சார் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று வாங்கி அடித்தால் சரியாகிவிடும்.

பட்டறை அண்ணாச்சி, மார்த்தாண்டம், எழுதியது:

தக்கலை நண்பர் சொன்ன விளக்கம் சரியானது. ஆனால் ஸ்ப்ரே வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஃபில்டரை எடுப்பதற்குத் தம்பி எதையெல்லாம் கழற்றினாரோ, அவை அனைத்தையும் முதலில் பார்க்க வேண்டும். இந்த மாதிரி வண்டியில் மேல்மூடியைத் தூக்க வேண்டுமானால் சென்சார் கனெக்டரைப் பிடுங்க வேண்டியிருக்கும். இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் குழாயும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வயதான ரப்பர் அப்படி வளையும்போது, அதன் அடிப்பக்கத்து மடிப்பில் வெடிப்பு விழுவது அடிக்கடி நடக்கிற காரியம். சென்சாரைத் தாண்டிய பிறகு கணக்கில் வராத காற்று புகுந்தாலும் இதே பி0171 கோடுதான் வரும் என்பதால், கோடை மட்டும் வைத்துக்கொண்டு இது எண்ணெயா வெடிப்பா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஃபியூல் ட்ரிம் எண்கள் உதவும். ஈ.சி.யூ. தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (ப்ளஸ்) அல்லது குறைக்கிறது (மைனஸ்) என்பதே ட்ரிம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டிலோ அதில் சேரும் வேக்குவம் குழாயிலோ கசிவு இருந்தால், ஐடிலில் ட்ரிம் வெகுவாகக் கூடி, ஆர்பிஎம் ஏற ஏறக் குறையும். ஏனென்றால் ஐடிலில் இன்ஜின் இழுப்பது நொடிக்கு இரண்டு மூன்று கிராம் காற்றுதான், அதில் அரை கிராம் கசிவு என்பது பெரிய பங்கு. சென்சார் அழுக்கானால் இதற்கு நேர்மாறாக, ஐடிலில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், சில வேளைகளில் ட்ரிம் கொஞ்சம் மைனஸில்கூட நிற்கும். லோடு (இன்ஜின் இழுக்கும் சுமை) ஏறும்போதுதான் ப்ளஸ் பக்கம் போகும். நான் மேலே சொன்ன ரப்பர் குழாய் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்து இன்ஜின் ஒரு பக்கம் சாயும்போதுதான் அதன் வெடிப்பு வாய் திறக்கும் என்பதால், அதுவும் லோடில் மட்டுமே தொல்லை கொடுக்கலாம். அதை ஸ்கேனரில் தேடாமல், டார்ச் அடித்துக் கையால் விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று போதும் என்றால், இந்தக் கலவைக்கு 13.5 பங்குதான் கணக்கு. ஆகவே பழைய வண்டிகளில் எந்தப் பழுதும் இல்லாமலேயே ட்ரிம் சில புள்ளிகள் ப்ளஸில் நிற்கும். 5, 6 என்று பார்த்துப் பதற வேண்டாம். ஐடிலிலும் லோடிலும் லாங் டேர்ம் ட்ரிம் (ஈ.சி.யூ. பழகி நினைவில் வைத்திருக்கும் திருத்தம்) எவ்வளவு, இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் காற்றளவு எத்தனை கிராம் என்று குறித்துப் போடுங்கள்.

வடசேரிவாசி எழுதியது:

மிக்க நன்றி அண்ணாச்சி. ரப்பர் குழாயை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, இரண்டு கிளாம்ப்பும் இறுக்கமாக உள்ளன. கனெக்டரின் பூட்டும் சரியாக விழுந்திருக்கிறது. பின்களில் ஒன்றின் ஓரத்தில் கடற்காற்றின் வேலையாக லேசான பச்சைக் களிம்பு தெரிந்தது. அதைச் சுத்தம் செய்த பிறகும் திணறலில் மாற்றம் இல்லை.

ஐடிலில் லாங் டேர்ம் ட்ரிம் ப்ளஸ் 3, ஏற்றத்தில் 2500 ஆர்பிஎம்மில் ப்ளஸ் 19. ஆளில்லாத நேர்சாலையில், இன்னொருவரை ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லி முழுதாக மிதித்தபோது, 5500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 68 கிராமுக்கு மேல் காட்டவில்லை. ஏர் பாக்ஸின் மேல்மூடியின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி இளஞ்சிவப்பாகிறது.

பட்டறை அண்ணாச்சி, மார்த்தாண்டம், எழுதியது:

துணி சிவந்ததே போதும் தம்பி. எண்களும் அதையேதான் சொல்கின்றன. குதிரைத்திறனை 0.8-ஆல் பெருக்கினால் முழு லோடில் வர வேண்டிய கிராம் தோராயமாகக் கிடைக்கும் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. உங்கள் இன்ஜின் 125, 130 குதிரைத்திறன் தருவது. 100 கிராமை ஒட்டி வந்திருக்க வேண்டும். 68 என்பது கம்பி குருடாகிவிட்டதற்கு அடையாளம். சாதாரண ஓட்டத்தில் புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கிறது. திடீரென்று மிதிக்கும்போது அந்தத் திருத்தம் வந்து சேர்வதற்குள் கலவை மெலிந்துவிடுவதால் வண்டி வெட்டுகிறது.

சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறிய பின் கனெக்டரைக் கழற்றி, இரண்டு ஸ்க்ரூவை எடுத்தால் சென்சார் கையோடு வந்துவிடும். எம்.ஏ.எஃப். சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள். கார்புரேட்டர் கிளீனர் பிளாஸ்டிக்கையும் மேற்பூச்சையும் அரித்துவிடக்கூடும் என்பதால், கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாலும் வாங்காதீர்கள். கம்பியின் மீதும், அதன் அருகில் சிறு மணி போலிருக்கும் வெப்பநிலை சென்சாரின் மீதும் பல முறை விட்டு விட்டு அடியுங்கள். விரல், பஞ்சு, பிரஷ் எதுவும் கம்பியில் படக் கூடாது. கம்ப்ரசர் காற்று கூடவே கூடாது. கம்பி அறுந்தால் புதுச் சென்சார்தான். முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டி, ஸ்கேனரில் கோடை அழித்து, பழைய ட்ரிம்மையும் ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால், பழகிய கணக்கின்படி அது கொஞ்ச நேரம் பெட்ரோலை மிகையாகக் கொட்டும்.

ஆனால் சென்சாரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அதே ஃபில்டரைத் திரும்ப மாட்டினால் மறுபடியும் இதே கதைதான். மடிப்புகள் வெளிறித் தெரிந்ததாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? நம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் பருத்தித் துணி வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும், மடிப்பின் ஆழத்தில் ஈரம் நிற்கும். ஈரமான இடத்தில் எண்ணெய் பிடிக்காது. அங்கே வெளிறித் தெரியும். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து இன்னும் விடுவோம். பிறகு தண்ணீர் காய்ந்ததும் அவ்வளவு எண்ணெயும் தங்க இடமில்லாமல் காற்றோடு கிளம்பிவிடும். எனவே அதை மறுபடியும் கழுவி, இந்த முறை நன்றாகக் காய விடுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையரோ அடுப்புச் சூடோ காட்டினால் துணி சுருங்கும். மடிப்புக்கு ஒரு மெல்லிய கோடாக ஒரே ஒரு முறை எண்ணெய் விட்டு, இருபது நிமிடம் பொறுத்திருந்தால் தானாகவே பரவும். அதற்குப் பிறகும் வெளுப்பாக இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு. இரவு முழுவதும் பழைய செய்தித்தாளின் மேல் நிறுத்தி வையுங்கள்; காலையில் தாளில் கறை இருந்தால் மாட்டாதீர்கள்.

குளச்சல் வாசகர் எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். என்னுடைய சிறிய பெட்ரோல் காரிலும் இதே வகை ஃபில்டர்தான் உள்ளது. ஆனால் ஏர் பாக்ஸிலோ குழாயிலோ இப்படி ஒரு சென்சாரே கண்ணில் படவில்லையே?

தக்கலை கார் பிரியர் எழுதியது:

பல சிறிய பெட்ரோல் கார்களில் எம்.ஏ.எஃப். கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி. சென்சாரை வைத்தே காற்றைக் கணக்கிடுவார்கள். அதில் எண்ணெய் படிந்து கெடுவதற்குச் சூட்டுக் கம்பி இல்லை. அப்படிப்பட்ட வண்டி ஃபில்டர் வேலைக்குப் பின் திணறினால், விடுபட்ட வேக்குவம் குழாய், சரியாக மாட்டாத கனெக்டர், எண்ணெய் படிந்த த்ராட்டில் பாடி ஆகியவற்றைப் பாருங்கள். டீசல் வண்டிகளிலோ பெரும்பாலும் எம்.ஏ.எஃப். இருக்கும், அங்கே இந்தப் பிரச்சினை கரும்புகையாகவும் இழுவைக் குறைவாகவும் வெளிப்படலாம்.

வடசேரிவாசி எழுதியது:

சென்சாரைச் சொன்னபடியே சுத்தம் செய்து மாட்டினேன். அதே சாலையில், அதே 5500 ஆர்பிஎம்மில் இப்போது 97 கிராம் காட்டுகிறது. ஏற்றத்தில் லாங் டேர்ம் ட்ரிம் ப்ளஸ் 5 அளவில் நிற்கிறது. அண்ணாச்சி சொன்ன எத்தனால் கணக்குக்கு அது பொருந்துகிறது. பேச்சிப்பாறைச் சாலையில் திணறல் இல்லை, விளக்கும் திரும்ப எரியவில்லை. பழைய பிளக்குகளும் காயில்களும் அப்படியே இருக்கின்றன. பருத்தி ஃபில்டர் இன்னும் காய்ந்துகொண்டிருப்பதால், தற்போதைக்குக் காகித ஃபில்டரைப் போட்டிருக்கிறேன். அது காய்ந்ததும் திரும்ப மாட்டுவதா, காகிதத்தையே வைத்துக்கொள்வதா?

பட்டறை அண்ணாச்சி, மார்த்தாண்டம், எழுதியது:

காகிதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் ஓட்டாத வண்டியில் பருத்தி ஃபில்டர் கூடுதலாகத் தரும் காற்றை நீங்கள் காலில் உணரப் போவதில்லை. ஆனால் சாலை வேலை நடக்கும் இடங்களில் பறக்கும் பொடி மண்ணைத் தடுப்பதில் நல்ல காகித ஃபில்டர் அதற்குச் சளைத்ததல்ல. அதைத் தண்ணீரில் கழுவவோ எண்ணெய் விடவோ கூடாது. தட்டித் தூசி எடுத்து ஓட்டி, கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றினால் போதும். மாட்டும்போது ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு கிளிப்பைப் போடுங்கள்.