பஸ்ஸுஸ் எஸ்த்: பாடுபட்டாரா, படுத்தப்பட்டாரா?

சிப்பூட்காரி:
சுங்கை சிப்பூட்ல எங்க கோயில் திருவிழாவுக்கு லத்தீன் விசுவாசப் பிரமாணம் பாடப் பழகுகிறோம். பிலாத்து பெயர் வந்ததும் "பஸ்ஸுஸ் எத் செபுல்துஸ் எஸ்த்" என்று வருகிறது. பாடுபட்டு அடக்கம் செய்யப்பட்டார் என்று பொருள். செபுல்துஸ் எஸ்த் செயப்பாட்டுவினை, அது புரிகிறது. பஸ்ஸுஸும் பார்வைக்கு அப்படியேதானே இருக்கு, அப்போ "பாடுபடுத்தப்பட்டார்" என்றுதானே வரணும்? அகராதியில் தேடினால் "காலடி" என்று வேறு காட்டுகிறது. பாட்டு மாஸ்டர் பழைய எஸ்டேட் கிராணி, கேட்டால் "முதல்ல பாடும்மா, இலக்கணம் அப்புறம்" என்கிறார்.

தோட்டத்து வாத்தியார்:
அந்தக் காலடி வேறு சொல்மா, பெயர்ச்சொல். ஆயிரம் பஸ்ஸுஸ் சேர்ந்தால் ஒரு ரோமானிய மைல். நீ தேட வேண்டியது பத்தியோர். அகராதியில் பத்தியோர், பத்தீ, பஸ்ஸுஸ் ஸும் என்று இருக்கும்: பாடுபடுகிறேன், பாடுபட, பாடுபட்டேன். கடைசியில் "ஓர்" வந்தால் செயப்பாட்டு என்றுதான் முதலில் படிப்போம், ஆனால் இந்த வினை செயப்பாட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு செய்வினைப் பொருள் தரும். இந்த வகைக்கு தெபோனென்ட் என்று பெயர். லொக்குவோர் (பேசுகிறேன்) கூட இதே வகைதான். அதனால் உன் வரியில் ஒரே எஸ்த், வேலை இரண்டு: செபுல்துஸ் மற்றவர்கள் அவருக்குச் செய்தது, பஸ்ஸுஸ் அவரே அனுபவித்தது. நிகழ்கால எச்சம் பத்தியென்ஸ் மட்டும் உருவத்திலும் செய்வினைதான். ஆஸ்பத்திரி பேஷண்ட் அதிலிருந்து வந்தவர்தான்.

தைப்பிங் தம்பி:
அக்கா, நம்ம "படு"வும் கிட்டத்தட்ட இதே கதைதானே. பாடுபட்டார், கஷ்டப்பட்டார் எல்லாம் செய்வினை, அதே படு "அறையப்பட்டார்" என்று ஒட்டினால் செயப்பாட்டு.
வாத்தியார் ஐயா, பத்தியோருக்குத் துன்பம் மட்டும்தானா பொருள்?

தோட்டத்து வாத்தியார்:
இல்லப்பா. பொறுத்துக்கொள், நடக்க விடு, இணங்கு எல்லாம் உண்டு. சட்டக்காரர்கள் சொல்வது ஒன்று இருக்கிறது, "பத்தெரே லேகெம் குவாம் இப்ஸெ ஃபெச்சிஸ்தி", நீயே போட்ட சட்டத்துக்கு நீயும் கட்டுப்படு. அந்த பத்தெரே ஏவல், பார்த்தால் வினையெச்சம் போலத் தெரியும். பத்தேயோ (திறந்திருக்கிறேன்) என்று இன்னொரு வினை, அதன் எச்சமும் எழுத்தில் இதேதான். அசை நீளம்தான் வித்தியாசம், அச்சில் அதையும் பெரும்பாலும் குறிப்பதில்லை. தலைவலி.

சிப்பூட்காரி:
நன்றி ஐயா. அப்போ அப்போஸ்தலர் பிரமாணத்தில் வரிசையா வருதே, பஸ்ஸுஸ், க்ருச்சிஃபிக்ஸுஸ், மொர்த்துவுஸ், செபுல்துஸ்?

தோட்டத்து வாத்தியார்:
ஒன்றும் மூன்றும் தெபோனென்ட், மற்ற இரண்டும் நிஜ செயப்பாட்டு. மொர்த்துவுஸ் மொரியோரிலிருந்து வருகிறது, இறந்தார்.