பட்டாணி சூப்பை குக்கர்ல வெச்சா அது ஸ்நெர்ட் ஆகுமா?

ஐன்ட்ஹோவன்_மழை:
வணக்கம் மக்களே, ஒரு சந்தேகம். இங்க நெதர்லாந்து வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, குளிர் ஆரம்பிச்சாலே ஆஃபீஸ் கேன்டீன்ல கெட்டியா ஒரு பச்சை பட்டாணி சூப் வைப்பாங்க, எர்த்தன்சூப்னு பேரு, வாய்மொழியா ஸ்நெர்ட். நான் சைவம், அதுல பன்றிக்கறி கிடக்கும், அதனால வீட்டுலயே செஞ்சு பார்ப்போம்னு ஞாயித்துக்கிழமை இறங்குனேன். கால் கிலோ பச்சைப் பட்டாணிப் பருப்பு, கேரட், வெங்காயம், லீக் (தடிச்ச வெங்காயத்தாள் மாதிரி இருக்குமே அது), ஒண்ணரை லிட்டர் தண்ணி, எல்லாத்தையும் ஒண்ணா குக்கர்ல போட்டு ஆறு விசில் விட்டு பிளெண்டர்ல ஒரு சுத்து. எதிர்வீட்டு டச்சுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொண்டு போனேன், ருசியா இருக்கு ஆனா இது ஸ்நெர்ட் இல்லன்னுட்டாங்க. ஏன்னு கேட்டா கரண்டியை சூப்புல நட்டு வெச்சு விட்டாங்க, அது அப்படியே சாஞ்சு கிண்ணத்து ஓரத்துல விழுந்துச்சு. தப்பு குக்கர்லயா, பிளெண்டர்லயா, கறி இல்லாததுலயா?

நெடுந்தீவான்:
தம்பி, மூண்டும் தான். நான் இங்க வந்து முப்பது வருசத்துக்கு மேல, அதில கனகாலம் ஒரு பெரிய கன்டீன் குசினியில நிண்டனான், பாட்டி சொன்னது சரி. ஸ்நெர்ட் எண்டா கரண்டி நிக்கோணும், அதுதான் அவையின்ர அளவுகோல். அரைக் கிலோ பருப்புக்கு ரெண்டு லீற்றர் தண்ணி, பச்சைத்தண்ணியிலயே பருப்பையும் ஒரு பன்றிக்காலையும் க்ராபெச்செஸ் எண்டு சொல்ற விலா எலும்பையும் போட்டுக் கொதிக்க விட்டு, மேல வாற நுரையை வடிவா எடுத்துப்போட்டு, பிறகு மெல்லிய நெருப்பில விடோணும். ஒரு மணித்தியாலத்தால கேரட், வெங்காயம், க்னோல்செல்டரெய் போடோணும். அந்தச் செலரிக் கிழங்கு இல்லாட்டி அது ஸ்நெர்ட் இல்லை, உங்கட லிஸ்ற்றில அதைக் காணேல்லை. லீக்ஸ் கடைசி அரை மணித்தியாலத்தில. ரோக்வொர்ஸ்ட், அந்தப் புகைபோட்ட சொசேஜ், அடுப்பை நிப்பாட்ட முதல் இறக்கிச் சூடாக்கினா காணும், கொதிக்க விட்டா தோல் வெடிச்சுப்போம். கறி எலும்பை விட்டுக் கழண்டு வந்தோடன எலும்பை எடுத்துப்போட்டு கறியைத் திரும்பப் போடோணும். அடுத்த நாள் தான் சாப்பிடுறது.

விசில்_பார்ட்டி:
அண்ணே சொல்றதுல செலரிக் கிழங்குக்கு நூறு மார்க், அது இல்லாம பண்ணா பருப்புத்தண்ணி வாசம் தான் வரும். ஆனா குக்கர் மேல பழி போடுறதை நான் ஒத்துக்க மாட்டேன். பானையில ரெண்டு மணி நேரம் மூடி பாதி திறந்து கொதிக்கும்போது தண்ணி எவ்ளோ ஆவியாப் போகுதுன்னு யோசிங்க, குக்கர்ல அது போகவே போகாது, ஊத்துன தண்ணி அப்படியே உள்ள நிக்கும். கால் கிலோவுக்கு ஒண்ணரை லிட்டர் ஊத்துனதுதான் இங்க குத்தம். முக்கால் லிட்டர் ஊத்துங்க, பருப்பையும் செலரிக் கிழங்கையும் மட்டும் வேக வெச்சு, கேரட்டும் லீக்கும் திறந்த பிறகு சேர்த்து கால் மணி நேரம் கொதிக்க விடுங்க. ஒரு முக்கியமான விஷயம், பட்டாணிப் பருப்பு பயங்கரமா நுரைக்கும், குக்கர்ல பாதிக்கு மேல நிரப்பாதீங்க, நுரை போய் விசில் ஓட்டையை அடைச்சுக்கும். எங்க வீட்டுல ஒரு தடவை அடுப்பு மேல இருந்த டைல்ஸ் பூரா பச்சை.

நெடுந்தீவான்:
தண்ணிக் கணக்கு சரிதான், அதை ஒத்துக்கொள்ளுறன். எண்டாலும் பானையில கிண்டுறதில ஒரு விசயம் இருக்கு. பருப்பு பாதி கரைஞ்சு பாதி முழுசா நிக்கும், கேரட் துண்டு துண்டாத் தெரியும், வாயில எல்லாம் வேற வேறயா வரோணும். பிளெண்டர் போட்டா எல்லாம் ஒரு களி. அந்தப் பாட்டி அதைத்தான் சொல்லியிருப்பா.

டெல்ஃப்ட்_ரமா:
பிளெண்டர் வேண்டாம்ங்கிறதுல நானும் அண்ணன் கட்சிதான், மத்தால ரெண்டு கடை கடைஞ்சா போதும். கறி விஷயத்துல தான் சண்டை. பன்றிக்கால் இல்லன்னா கரண்டி நிக்காதுன்னு டச்சுக்காரங்களே என்கிட்ட அடிச்சு சொல்லியிருக்காங்க, நான் ஏழு வருஷமா சைவமா தான் வெக்கிறேன், நிக்குது. ஏன்னா கெட்டியாக்குறது பருப்புல இருக்குற மாவு. சூடா இருக்குறப்போ இளகி ஓடும், ராத்திரி ஆறுனதும் இறுகிடும், நம்ம பொங்கல் மறுநாள் காலையில கட்டியா நிக்கிற மாதிரியே தான். போன வாரம் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்தேன், மரக்கரண்டியை நடுவுல குத்துனேன், பாத்திரத்தை தூக்குற வரைக்கும் அசையல. அதனால மழை தம்பி, முதல் நாளே பாட்டிக்கு குடுத்தது தான் அவசரம்.

நெடுந்தீவான்:
ரமா தங்கச்சி, மாவு இறுக்கும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா காலில இருந்து வாற பசை வேற. அது உதட்டில லேசா ஒட்டும், சூடாக்கினாலும் அந்த வழுவழுப்பு நிக்கும். புகை வாசத்துக்கு என்ன செய்வீங்கள்? ரொக்கெப்ரோட் எண்ட கறுப்பு ராய்ப் பாணில கடுகு பூசி அதுக்கு மேல புகைபோட்ட பன்றி இறைச்சித் துண்டு வைச்சுத்தான் பக்கத்தில குடுக்கிறது. இது வயல்வேலைக்கும் கப்பலுக்கும் போன ஆக்களின்ர சாப்பாடு, காய்ஞ்ச பட்டாணி மாசக்கணக்கில கெடாது, அதாலதான் கப்பலில ஏத்தினவை. கறியை எடுத்தா அந்தக் கதையும் போயிடும்.

டெல்ஃப்ட்_ரமா:
கதை பட்டாணியில தானே அண்ணா இருக்கு, நீங்களே இப்ப சொன்னீங்க! புகை வாசத்துக்கு புகைபோட்ட பாப்ரிகா பொடி அரை ஸ்பூன் போடுவேன், செலரிக் கிழங்குல பாதியை வேக வைக்காம அவன்ல நல்லா சிவக்க சுட்டு சேர்ப்பேன். ராய் ரொட்டியில வெண்ணெயும் கடுகும், மேல பழைய ஹவுடா சீஸ். என் கூட லேப்ல இருக்குற ஃப்ரீஸ்லாந்து பொண்ணு ரெண்டாம் தடவை வாங்கி சாப்பிட்டா. அவங்க ஊர்ல தான் அந்த எல்ஃப்ஸ்டேடன்டோக்ட், பதினோரு ஊர் சுத்தி 200 கிலோமீட்டர் கால்வாய் பனியில சறுக்கிப் போற போட்டி. கடைசியா நடந்தது 1997 ஜனவரி 4, அதுக்கப்புறம் பனி அந்தக் கனத்துக்கு உறையவே இல்ல. பனி உறைஞ்சா கரையில கடை போட்டு இந்த சூப்பை ஊத்துவாங்களாம், அவ அம்மா சொன்னதை சொல்லும்போது அவளுக்கு கண்ணு கலங்கிடுச்சு. அவ என் சூப்பை ஸ்நெர்ட்னு தான் கூப்பிட்டா, எனக்கு அது போதும்.

விசில்_பார்ட்டி:
உருளைக்கிழங்கு போடலாமா கூடாதான்னு யாருமே பேசல. நான் ஒண்ணு போடுவேன், கெட்டிப்படும்.

நெடுந்தீவான்:
வேண்டாம். சில வீடுகளில போடினம் தான், ஆனா செலரிக் கிழங்கின்ர ருசியை அது அமத்திப்போடும்.

ஐன்ட்ஹோவன்_மழை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரமா அக்கா பேச்சைக் கேட்டு நேத்து பானையிலயே செலரிக் கிழங்கு போட்டு, கடைஞ்சு, மறுநாளைக்குன்னு எடுத்து வெச்சேன். ஃப்ரிட்ஜ்ல இடம் இல்ல, குளிர்தானேன்னு பெரிய பானையை சூடாவே மூடி பால்கனியில வெச்சுட்டேன். காலையில மூடியைத் திறந்தா ஓரமெல்லாம் சின்னச்சின்ன நுரை, நடுவுல கையை வெச்சா இன்னும் வெதுவெதுன்னு இருக்கு, புளிச்ச மோர் வாடை. மூணு லிட்டர், மொத்தமா கொட்டுனேன். மனசே ஆறல.

விசில்_பார்ட்டி:
அய்யோ. கொட்டுனது சரி, திரும்ப கொதிக்க வெச்சு சாப்பிட்டுடலாம்னு நினைக்காம விட்டீங்களே. கெட்டியான பருப்பு பெரிய பானையில நடுவுல ஆறவே ஆறாது, வெளிய பத்து டிகிரி இருந்தாலும் உள்ள மணிக்கணக்கா வெதுவெதுப்பு நிக்கும், கிருமிக்கு அதை விட வசதி வேணுமா. தட்டையான டப்பாவுல மூணு நாலா பிரிச்சு ஊத்துங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல போயிடணும்.

நெடுந்தீவான்:
நாங்கள் குசினியில சிங்கில ஐஸ்தண்ணி விட்டு அதுக்குள்ள பானையை இறக்கிக் கிண்டிக் கிண்டித்தான் ஆறவிடுறது. கவலைப்படாதேங்கோ தம்பி, திரும்பச் செய்யுங்கோ. சூடாக்கேக்க கொஞ்சம் தண்ணி விட்டு, சின்ன நெருப்பில, மரக்கரண்டியால அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்டுங்கோ, கெட்டி சூப் கண் மூடி முழிக்கிறதுக்குள்ள அடிப்பிடிக்கும். அடிப்பிடிச்சிட்டா சுரண்டாமல் மேல இருக்கிறதை மட்டும் வேற சட்டியில ஊத்துங்கோ. உங்கட சூப்பை நான் இன்னும் பட்டாணி சூப் எண்டு தான் சொல்லுவன்.

ஐன்ட்ஹோவன்_மழை:
பரவால்ல அண்ணே. இன்னைக்கு சாயங்காலம் திரும்ப பருப்பு வாங்கிட்டேன், அரைக் கிலோ. நாளைக்கு பாட்டிகிட்ட கிண்ணத்தோட கரண்டியும் சேர்த்துக் குடுப்பேன், என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன்.